சாட்டைக்குப் பக்கத்தில் ஒரு கைத்தடி

திருத்தணிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மலை ஏற 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. டிசம்பர் 31 அன்று படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏறுவார்கள். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டி போகிற பாதையும் இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் மூன்று பேர் போனோம். நான், என் பெரியப்பா, சின்ன வயதில் போலியோ தாக்கிய என் நண்பர். பெரியப்பாவுக்கு எண்பதை நெருங்கும் வயது, கையில் ஒரு தடி. 'படியிலதான் ஏறுவேன்' என்று ஒரே பிடிவாதம். நண்பர் கக்கத்தில் வைத்து நடக்கும் ஊன்றுகோல் வைத்திருந்தார். இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் அவர் எங்கேயும் போவார். அதிலேயே மலைப் பாதையில் போய்விட்டார். நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது, அவர் தரிசனத்துக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

கைத்தடி, ஊன்றுகோல், சக்கரம் வைத்த ஸ்கூட்டர். இந்த மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? நடக்கச் சிரமப்படுகிற மனிதருக்கு உதவுகிறது. உங்களுக்கும் எனக்கும் அது போதும். ஒரு நாட்டின் சுங்க அதிகாரிக்குப் போதாது. அவருடைய புத்தகத்தில் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு அத்தியாயங்களில் இருக்கின்றன.

எது எந்தப் பக்கம் என்று பிரிப்பது எவ்வளவு பெரிய வம்பு என்பது திருத்தணிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தினார். மங்கலங்கிழார் உள்ளூரிலேயே நின்று போராடினார். கடைசியில் படாஸ்கர் நடுவராக வந்தார். கிராமம் கிராமமாக எந்த மொழிக்காரர் அதிகம், எந்தக் கிராமம் எதை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள். 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வீட்டில் அப்பா தமிழ், அம்மா தெலுங்கு என்றால் அந்த வீடு எந்தக் கணக்கு? பட்டியல் போடுகிறவர் ஏதாவது ஒரு கட்டத்தில்தான் டிக் அடிக்க முடியும்.

சுங்கப் புத்தகமும் அப்படித்தான். கப்பலில் வந்து இறங்குகிற பொருள் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு எண் உண்டு. எண்ணுக்கு ஏற்றபடி வரி. ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1931-ல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் மேற்பார்வையில் ஒரு பொதுப் பட்டியல் தயாரித்தார்கள். பிறகு 1950-ல் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஒப்பந்தம். கடைசியாக ஹார்மனைஸ்டு சிஸ்டம். உலக அளவில் இது 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆச்சரியமாக, நாம் முந்திக்கொண்டோம். 1975-ன் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் அட்டவணையை மாற்றி, 1986 பிப்ரவரி கடைசியிலேயே இந்த முறைக்கு வந்துவிட்டோம். இன்று ஜி.எஸ்.டி. பில்லில் எச்.எஸ்.என். என்று ஒரு எண் இருக்கிறதே, அது இந்த வம்சம்தான்.

பி.காம். படித்த காலத்தில் இதெல்லாம் வெறும் எண்கள் என்று நினைத்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். பத்திரிகைக்கு வந்த பிறகு ஒருநாள் அந்தப் பட்டியலைப் புரட்டினேன். தூக்கம் போய்விட்டது.

66-வது அத்தியாயத்தைப் பாருங்கள். 6601 குடை. 6602-ல் கைத்தடி, உட்காரும் வசதி கொண்ட தடி, சாட்டை, குதிரை ஓட்டுகிற சவுக்கு. ஆமாம், என் பெரியப்பாவின் தடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குதிரைச் சவுக்கு! வெள்ளைக்கார கனவான்கள் தொப்பியும் தடியுமாக உலாவப் போன காலத்தின் மிச்சம் இது. அவர்களுக்குத் தடி என்பது அலங்காரம். ஆனால், ஊன்றுகோல் 9021-ல் இருக்கிறது. அங்கே செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, இதயத்துக்குள் வைக்கிற பேஸ்மேக்கர் எல்லாம் பக்கத்தில். மரியாதையான தெரு.

'அதனாலென்ன, ஊனமுற்றவருக்கென்றே செய்த கைத்தடியாக இருந்தால் 9021-க்கு மாற்றிவிடலாமே' என்று தோன்றும். முடியாது. அந்தப் புத்தகத்துக்கு ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. சாதாரணக் கைத்தடி, ஊனமுற்றவருக்காகவே விசேஷமாகச் செய்யப்பட்டிருந்தாலும், 6602-தான் என்று அதில் எழுதியே வைத்துவிட்டார்கள். யாருக்காக என்பது கணக்கில்லை, பார்ப்பதற்கு என்ன மாதிரி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

அடுத்த எண்ணுக்குப் போனால் தர்க்கம் தலைகீழ். 8713. மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிகள், மோட்டார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சக்கர நாற்காலி இங்கேதான் வரும். இங்கே யாருக்காக என்பதுதான் எல்லாமே. பழைய பிரஸ்ஸல்ஸ் பட்டியலில் இதற்கு 'இன்வாலிட் கேரேஜ்' என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் மாற்றி உச்சரித்தால் 'செல்லாதது' என்று அர்த்தம். செல்லாத நோட்டு, செல்லாத ஓட்டு, அந்த வரிசையில் செல்லாத மனிதர். பிறகு பெயரை மாற்றினார்கள். நல்லது. ஆனால், பெயர் மாறினாலும் கேள்வி அப்படியே இருந்தது: ஒரு வண்டி 'ஊனமுற்றவருக்கானது' என்று யார், எதை வைத்து முடிவு செய்வது?

இந்தக் கேள்விக்கு உலகம் முதலில் பதில் தேடியது வண்டிக்காக அல்ல, புத்தகத்துக்காக. இரண்டாம் உலகப் போர் முடிந்து, கண்ணிழந்த சிப்பாய்கள் ஊர் திரும்பியிருந்த நேரம். 1950-ல் யுனெஸ்கோ இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் ஓர் ஒப்பந்தம் போட்டது. கல்வி, அறிவியல், கலாசாரப் பொருள்களுக்குச் சுங்க வரி வேண்டாம் என்பது சாரம். அதன் ஐந்தாவது இணைப்பு பார்வையற்றோருக்கானது. பிரெயில் புத்தகங்களுக்கு வரி கிடையாது. அவர்களுக்கென்றே விசேஷமாக வடிவமைத்த மற்ற கல்விப் பொருள்களுக்கும் கிடையாது. ஆனால், ஒரு கொக்கி. அந்த மற்ற பொருள்களை அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் நேரடியாக இறக்குமதி செய்ய வேண்டும். பார்வையற்ற ஒரு வாத்தியார் தன் சொந்தக் காசில் ஒரு கருவி வாங்கினால் இந்தச் சலுகை அவருக்கு இல்லை.

அது எவ்வளவு முக்கியமான வருஷங்கள் தெரியுமா? இந்திய மொழிகளுக்குப் பிரெயிலில் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். ஒன்றைப் படித்தவர் இன்னொன்றைப் படிக்க முடியாது. முதல் உலகப் போரில் கலிப்போலியில் பார்வையிழந்த நியூசிலாந்துக்காரர் கிளூத்தா மெக்கன்ஸி. இரண்டாம் போர்க் காலத்தில் டேராடூனுக்கு வந்து, கண்ணிழந்த சிப்பாய்களுக்கான விடுதியில் வேலை பார்த்தவர். பிறகு யுனெஸ்கோவுக்காக உலகப் பிரெயில் முறைகளை ஒழுங்குபடுத்தும் பணியில் இருந்தார். 1951 பிப்ரவரியில் பெய்ரூட்டில் கூட்டம் நடந்து, பாரதி பிரெயில் என்ற பொது முறைக்கு வழி பிறந்தது. அதே வருஷம் டேராடூனில் மத்தியப் பிரெயில் அச்சகம் தொடங்கியது. அதே 1951-ல்தான் அமெரிக்காவின் பெர்க்கின்ஸ் பள்ளியிலிருந்து பெர்க்கின்ஸ் பிரெயிலர் என்கிற புகழ்பெற்ற தட்டச்சு இயந்திரம் வெளிவந்தது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை. முறை தயார், அச்சகம் தயார், இயந்திரம் கடல் கடந்து வர வேண்டும். அது டைப்ரைட்டரா, பார்வையற்றோர் கருவியா என்று துறைமுகத்தில் ஒருவர் யோசித்தால் அங்கே ஒரு பள்ளிக்கூடம் காத்திருக்கும்.

1976 நவம்பரில் நைரோபியில் ஃபிளாரன்ஸ் ஒப்பந்தத்தை விரித்தார்கள். பார்வையற்றோர் மட்டுமல்லாமல், உடல், மனக் குறைபாடு உள்ள மற்றவர்களுக்கும் சலுகை. இங்கேயும் ஒரு கொக்கி: அதற்குச் சமமான பொருள் உள்நாட்டில் தயாராகக் கூடாது. அமெரிக்கா இதைத் தன் வரிப் பட்டியலில் ஒரு தனி எண்ணாகவே சேர்த்துக்கொண்டது. ஊனமுற்றவர்களுக்காக 'விசேஷமாக வடிவமைத்த, அல்லது மாற்றியமைத்த' பொருளுக்கு வரி இல்லை. தற்காலிகக் குறைபாட்டுக்கானது, மூக்குக் கண்ணாடி, பல்செட், அழகு சாதனம், மருந்து ஆகியவை சேராது.

அவ்வளவுதான், வக்கீல்களுக்கு வேலை வந்துவிட்டது. கால் நரம்புக் கோளாறுக்குப் போடுகிற இறுக்கமான காலுறை இருக்கிறதல்லவா? சிக்வாரிஸ் என்ற கம்பெனி, இது ஊனமுற்றோருக்கான பொருள் என்று வழக்குப் போட்டது. 2018-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அதே வருஷம் டான்ஸ் என்ற கம்பெனி, கொஞ்சம் உயரமாகச் செய்த கழிவறை இருக்கைக்காக வாதாடியது. அதுவும் தோற்றது. உயரமான இருக்கை முட்டிவலிக்காரருக்கும் சௌகரியம், நல்லா இருக்கிறவருக்கும் சௌகரியம். எல்லாருக்கும் நல்லது என்றால் உனக்கென்று விசேஷம் என்ன என்பது கேள்வி. கறாரான கேள்விதான். ஆனாலும் ஒரு பொருள் நல்ல பொருளாக இருந்ததே அதற்கு எதிரான சாட்சியாகிவிட்டது, பாருங்கள்.

ஐரோப்பாவில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். வயதானவர்கள் கடைத்தெருவுக்கு ஓட்டிப்போகிற பேட்டரி ஸ்கூட்டரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 8713 என்றால் வரி இல்லை. 8703, அதாவது கார் வகை என்றால், 10 சதவீதம். ஐரோப்பிய அதிகாரிகள் ஒரு குறிப்பு எழுதினார்கள். ஊனமுற்றோர் வண்டி என்றால் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் 80 சென்டிமீட்டருக்கு மிஞ்சக் கூடாது. கைப்பிடியில் ஜாய்ஸ்டிக் இருக்கலாம். தனியாக நிற்கிற, மடக்கிச் சாய்க்கிற ஸ்டீயரிங் தண்டு இருந்தால் அது இந்த வகையே இல்லை! ஒரு தண்டு, பத்து சதவீதம். 2010-ல் லெக்ஸன் என்ற ஜெர்மன் கம்பெனியின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதையொட்டியே, கார் வகைதான் என்றது.

ஆறு வருஷம் கழித்து, 2016 மே மாதம், பிரிட்டனிலிருந்து இன்வாமெட் வழக்கு அதே நீதிமன்றத்துக்குப் போனது. இந்த முறை நீதிபதிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். வண்டி ஊனமுற்றவர்களுக்காக மட்டும் வடிவமைக்கப்பட்டதா என்று பார், நல்லா இருக்கிற ஒருவர் அதை ஓட்டிப் பார்க்க முடியும் என்பதெல்லாம் முக்கியமில்லை. நடப்பதில் சொல்லும்படியான சிரமம் இருந்தாலே ஊனம்தான், அது எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, வேறு குறை இருக்கிறதா என்றும் கேட்காதே. அதிகாரிகள் எழுதிய குறிப்பு சட்டத்தின் வார்த்தையைச் சுருக்க முடியாது. எனக்குத் தெரிந்து, இந்தப் பட்டியல் உலகத்தில் மனிதரைப் பார்த்து எழுதிய தீர்ப்பு இது.

நம் ஊருக்கு வருவோம். நண்பரின் ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கிறதா? 8713-க்கான சர்வதேச விளக்கக் குறிப்பு, சாதாரண வண்டியை ஊனமுற்றவருக்காக மாற்றியமைத்தால் அது இந்த எண்ணில் வராது என்கிறது. கையால் கிளட்ச் போடும்படி மாற்றிய கார், கார்தான். ஒற்றைக் காலால் மிதிக்கும்படி செய்த சைக்கிள், சைக்கிள்தான். அதே தர்க்கத்தில், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், ஸ்கூட்டர்தான்.

நம் மோட்டார் வாகனச் சட்டமும் இதையே வேறு வார்த்தையில் சொன்னது. 1988-ன் சட்டத்தில் 'இன்வாலிட் கேரேஜ்' என்றால், ஊனமுற்றவருக்கென்றே விசேஷமாக வடிவமைத்துக் கட்டிய வண்டி, வெறுமனே மாற்றியமைத்தது அல்ல. தமிழ்நாட்டின் எந்த ஊரில் வேண்டுமானாலும் ஒரு மணி நேரம் சாலையோரம் நில்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுகிற வண்டி எல்லாமே கடையில் வாங்கிய ஸ்கூட்டருக்குப் பட்டறையில் சக்கரம் வைத்ததுதான். அரசு இலவசமாகக் கொடுக்கிற வண்டியும் இந்த மாதிரிதான். நாட்டு நடப்பு ஒரு பக்கம், சட்டத்தின் விளக்கம் இன்னொரு பக்கம். 2019-ல் திருத்தம் வந்தது. தனியாகக் கட்டியதோ, பின்னால் மாற்றியதோ, இரண்டும் ஒன்றே என்றது. முப்பத்தொரு வருஷம்!

வரிப் பக்கம் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஊன்றுகோல், சக்கர நாற்காலி, பிரெயில் காகிதம் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம். காது கேட்கும் கருவிக்கு மட்டும் வரி இல்லை. அந்தப் பட்டியலைப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். பழைய சுங்க விலக்கு அறிவிக்கைகளில் இருந்ததை அப்படியே தூக்கி வைத்திருந்தார்கள். டேப் கேசட்டில் வரும் பேசும் புத்தகம் அதில் இருந்தது, 2017-ல்! அதுவரை பெரும்பாலும் கலால் வரி இல்லாமல் இருந்த பொருள்களுக்கு வரி என்றதும், 'இது நடப்பதற்கு வரி' என்று மாற்றுத்திறனாளிகள் கொதித்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் மனுவும் போனது.

நிதி அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. வரி இல்லை என்பதைவிட 5 சதவீதம் வரி நல்லது என்றது. பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கணக்கு சரி. ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். சக்கர நாற்காலி செய்ய 6,000 ரூபாய்க்குக் குழாய், டயர், ரெக்ஸின் வாங்குகிறார் ஒருவர். அதற்கு 18 சதவீதம், 1,080 ரூபாய் வரி கட்டிவிடுகிறார். கூலி, லாபம் 4,000. நாற்காலிக்கு வரி விலக்கு என்றால், கட்டிய 1,080-ஐ அவர் திரும்பக் கேட்க முடியாது. விலையில் ஏற்றுவார். உங்களுக்கு 11,080. நாற்காலிக்கு 5 சதவீதம் என்றால், உங்களிடம் 500 வசூலித்து, மீதி 580-ஐ அரசிடம் திரும்பக் கேட்கலாம். உங்களுக்கு 10,500. வெளிநாட்டு நாற்காலிக்கோ, விலக்கு என்றால் இந்த வரியே இல்லாமல் 10,000-க்கு வந்து இறங்கும். உள்ளூர்ப் பட்டறை மூடும்.

ஆக, பூஜ்யம் ஐந்தைவிடப் பெரியது. அமைச்சகம் பொய் சொல்லவில்லை. ஆனால், முழுசாகவும் சொல்லவில்லை. விலக்கு வேறு, பூஜ்ய வரி வேறு. பூஜ்ய வரி என்றால் விற்கும்போதும் வரி இல்லை, வாங்கியபோது கட்டியதும் திரும்ப வரும். உங்களுக்குச் சுத்தமாக 10,000. நம் சட்டத்தில் அந்த வசதி இருக்கிறது. யாருக்கு? ஏற்றுமதிக்கு, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு. பிரிட்டனில் மாற்றுத்திறனாளி தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சக்கர நாற்காலிக்கு அந்த நாட்டு வரியில் இதே பூஜ்ய முறை உண்டு. இங்கே வெளிநாட்டுக்காரர் காலுக்குப் போகிற செருப்புக்குக் கிடைப்பது, உள்ளூர்க்காரர் காலுக்குப் பதிலாகத் தள்ளுகிற நாற்காலிக்குக் கிடைக்கவில்லை. அந்த 580 ரூபாய் கதையும் முழுசல்ல. மூலப்பொருளுக்குக் கட்டியது திரும்ப வரும், சேவைகளுக்குக் கட்டிய வரி இந்தக் கணக்கில் வராது என்பதை 2021-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது.

அன்று திருத்தணி மலையில் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஸ்கூட்டர் வாங்கிய பில்லை வைத்திருந்தார். 28 சதவீதம், எல்லாரும் கட்டுகிற அதே வரி. (2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரக வண்டிகளுக்கு 18 ஆனது, அதுவும் எல்லாருக்கும்தான்.) சக்கரம் வைத்த பட்டறைக்காரர் பில்லே தரவில்லையாம். "வண்டியில பாதி ஸ்கூட்டர், பாதி என் கால். கால் பாதிக்கு மட்டும் பில் கிடையாது" என்றார்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தன் தடியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சவுக்கோட சேர்ந்ததாடா?"

"ஆமா பெரியப்பா."

"அப்ப நீ முன்னாடி நட" என்று தடியை ஓங்கிக்கொண்டு எழுந்தார். இறங்கும்போதும் படிதான் என்றார்.